பிக்கப், 4x4 வண்டிகளில் டயர் தொல்லை: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

"ஏ.டி. போட்டதிலிருந்து சத்தம் தாங்கவில்லை." "எம்.டி. மாற்றினோம், மழையில் பின்பக்கம் போய்விடுகிறது." "ஷோரூமில் வந்த டயரே இருக்கிறது, சேற்றில் இறங்கியதும் நின்றுவிட்டது." மகிந்திரா தார், ஜிம்னி, டி-மேக்ஸ், ஹைலக்ஸ், பொலிரோ பிக்கப் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள் இவை. பெரும்பாலும் டயரில் கோளாறு இருக்காது. காற்று தப்பாக இருக்கும், அல்லது ஓட்டுகிற தரைக்குப் பொருந்தாத ரகம் மாட்டியிருக்கும். புது டயருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை.

ரகங்கள் மூன்று. எச்.டி. என்பது ஹைவே டெரெய்ன்: நெருக்கமான பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்), சத்தம் குறைவு, தார் ரோட்டில் நல்ல பிடி. எம்.டி. என்பது மட் டெரெய்ன்: பெரிய பட்டன், நடுவில் அகலமான இடைவெளி, கனமான டயர். இரண்டுக்கும் நடுவே ஏ.டி., ஆல் டெரெய்ன். ஒரே பெயரில் விற்றாலும் ஏ.டி.க்குள்ளேயே வித்தியாசம் நிறைய. சில ஏ.டி. கிட்டத்தட்ட எச்.டி.தான், சில பாதி எம்.டி. பெயரைவிடப் பட்டனுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

எந்தத் தொல்லையாக இருந்தாலும் முதலில் காற்று

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சொந்த கேஜ் வைத்து ஐந்து டயரையும் பாருங்கள். பங்க் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சபட்சக் காற்று. உங்கள் வண்டிக்கான அளவு அதுவல்ல.

பிக்கப் ஸ்டிக்கரில் பின் டயருக்குப் பெரும்பாலும் இரண்டு அளவு இருக்கும், காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. லோடு அளவு காற்றோடு காலி வண்டியை ஓட்டுவதில்தான் கீழே வரும் தொல்லைகளில் பல தொடங்குகின்றன.

வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி ஏறினால் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடிய டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. அதிகம் காட்டினால் அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்திருக்கும்.

அறிகுறி: 60 தாண்டினால் "ஹோ" என்று சத்தம்

எம்.டி. மாட்டிய நாள் முதலே சத்தம் என்றால் அது டயரின் குணம். பட்டன் ஒவ்வொன்றாகத் தரையில் அடிப்பதும், இடைவெளியில் சிக்கிய காற்று வெளியேறுவதும் அந்தச் சத்தம். அலைன்மென்ட் செய்தாலும் போகாது.

முதலில் அமைதியாக ஓடி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு சத்தம் வந்தால் கதை வேறு. டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் பட்டன் முனை கையைக் கீறுவதாகவும் இருந்தால் பட்டன் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. ஏ.டி., எம்.டி. டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றாமலே ஓட்டினால் இது வரும். இந்த டயர்களை 5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னி அதே அளவு, அதே ரகம் என்றால் அதையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தடவும்போது சமமாக இல்லாமல் இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு மேடு என்று தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வீல் பேரிங் சத்தமும் இதே போலத்தான் கேட்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி: ரோடு காலியாக இருக்கும் இடத்தில் மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் திருப்புங்கள். ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் பேரிங். எப்படித் திருப்பினாலும் மாறாமல், ரோட்டின் பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் டயர்.

அறிகுறி: 80 அருகே ஸ்டீயரிங் நடுங்குகிறது

சேற்றுக்குப் போய்வந்த பிறகு தொடங்கியதா? பேலன்சிங் கடைக்குப் போகும் முன் வீலின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்த ஒரு பிடி மண்ணே போதும், ஸ்டீயரிங் ஆடிவிடும். வெளியே பளபளவென்று கழுவிவிட்டு உள்ளே அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கழுவியும் ஆடினால் பேலன்சிங், பிறகு ரிம் வளைவு. பேலன்சிங் எடை சேற்றில் அடித்துக்கொண்டு விழுந்திருக்கலாம். ஜிம்னி போல முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள வண்டியில் கனமான டயர் மாட்டிய பிறகு 60, 70 வேகத்தில் ஸ்டீயரிங் படபடவென்று அடித்தால், கிங்பின் பேரிங், டிராக் ராடு புஷ், ஸ்டீயரிங் டேம்பர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பே தளர்ந்திருந்ததைக் கனமான டயர் வெளியே காட்டியிருக்கும்.

அறிகுறி: மழையில் வழுக்குகிறது, பிரேக் பிடித்தால் நிற்கவில்லை

உயிர்போகும் தொல்லை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எம்.டி. டயரில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறதே, தண்ணீர் நன்றாக வெளியேறுமே என்று தோன்றும். ஆழமான தண்ணீரில் அது சரி. ஆனால் ஈரத் தாரில் பிடி கொடுப்பது தரையைத் தொடும் ரப்பர். எம்.டி.யில் அது குறைவு. எச்.டி. பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் மெல்லிய நீர்ப்படலத்தை அறுத்துத் தாரைப் பிடிக்கின்றன. எம்.டி.யில் அந்தக் கீறல்கள் ஒன்றிரண்டுதான், அதன் ரப்பரும் கல்லில் கிழியாமல் இருப்பதற்கானது. ஆகவே மழையில் எம்.டி. மாட்டிய வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். அது பழுதல்ல, அந்த டயரின் தன்மை. வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு, மாதத்தில் ஒரு நாள் சேறு என்று ஓடுபவருக்கு எம்.டி. தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பார்க்க எடுப்பாக இருக்கிறது என்பதற்காகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் அந்த அபாயத்தைச் சுமக்க வேண்டாம்.

ஏ.டி. அல்லது எச்.டி. இருந்தும் வழுக்கினால் பட்டன் ஆழத்தைப் பாருங்கள். காடிக்குள், அதாவது பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், இருக்கும் சிறு மேடு, அதாவது தேய்மானக் குறி, 1.6 மி.மீ. உயரம். பட்டன் அந்தக் குறி மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர். கனமான பிக்கப்புக்கும் 4x4-க்கும் அதுவரை காத்திருப்பது தப்பு. மழைக்காலத்துக்குள் நுழையும்போது 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவதே சரி.

அடுத்து பிக்கப்புக்கே உரிய காரணம். மலைக்குச் சரக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, மேட்டுப்பாளையம் சாலையில் காலியாக இறங்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் எடையே இல்லை. லீஃப் ஸ்பிரிங் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் விறைப்போடு இருக்கிறது. பின் டயரில் லோடுக்கு அடித்த காற்று அப்படியே இருக்கிறது. டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும். வளைவில் கியரைச் சட்டென்று இறக்கினால் எஞ்சின் பிரேக் முழுவதும் பின் சக்கரத்தில் விழுந்து வால் வீசும். திரும்பும் முன் பின் டயர் காற்றைக் காலி வண்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். வெகுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் இன்னும் கவனம் வேண்டும், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மேல் ஒரு வழுக்குப் படலம் உண்டாக்கும்.

இரண்டு டயர்தான் புதிதாக வாங்க முடியும் என்றால், 2எச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மட்டுமே ஓடும் வண்டிக்குப் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். முன் டயர் வழுக்கினால் வேகம் குறைத்துச் சமாளிக்கலாம், பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். 4x4 போட்டு ஓட்டும் வண்டி என்றால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: 4எச்சில் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, டயர் கீச்சிடுகிறது

தார், ஜிம்னி, டி-மேக்ஸ், ஹைலக்ஸ் எல்லாம் பார்ட் டைம் 4x4. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லாததால் முறுக்கம் ஷாஃப்ட்டிலும், இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். லீவரை 2எச்சுக்கு இழுத்தாலும் வராமல் சிக்கிக்கொள்வது இந்த முறுக்கத்தால்தான். பலவந்தமாக இழுக்காமல், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கம் விடுபட்டு லீவர் வந்துவிடும். காய்ந்த தாரில் 4எச் போடாமல் இருப்பதுதான் தீர்வு.

நேராக ஓடும்போதே இழுத்துப் பிடிக்கிறதா? அப்போது முன் டயரும் பின் டயரும் சமமாக இல்லை. 255/65 ஆர் 18 டயர் புதிதாக இருக்கும்போது அதன் சுற்றளவு சுமார் 2.48 மீட்டர். பட்டன் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய 38 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டருக்கு நானூறு சுற்று என்றால், முன்னும் பின்னும் சேர்ந்து ஓட வேண்டிய தூரத்தில் 15 மீட்டர் வரை வித்தியாசம் வருகிறது. ரேடியல் டயரில் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் காரணமாக நிஜத்தில் இது கொஞ்சம் குறையும், ஆனாலும் கியர் பாக்ஸ் பக்கம் அது சுமைதான். எனவே 4x4 அடிக்கடி போடும் வண்டிக்கு நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் ஏ.டி., பின்னால் எம்.டி. என்று கலந்து மாட்டுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

தேவைப்படும்போது தானாகப் பின் சக்கரத்துக்கு இழுவை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் டயர் சமமில்லாவிட்டால் சத்தமே வராது. அந்த இழுவையை இணைக்கும் கப்ளிங் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும், எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் தெரியும்.

அறிகுறி: சேற்றில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

எந்தச் சேறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செம்மண் ஈரத்தில் நல்ல ஏ.டி. தாராளமாகப் போகும். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. அது தண்ணீரைக் குடித்து ஊதும் களிமண், பிசைந்த மாவு மாதிரி டயரை அப்பிக்கொள்ளும். இறங்கி டயரைப் பாருங்கள். காடிகள் முழுக்க நிரம்பி டயர் ஒரு கறுப்பு உருளையாகத் தெரிந்தால், பிடி போனதற்கு அதுதான் காரணம். எச்.டி.யிலும் நெருக்கப் பட்டன் ஏ.டி.யிலும் இந்த மண் தானாக உதிராது. எம்.டி.யின் அகலமான இடைவெளி, சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும்போது மண்ணை உதறிவிட்டு அடுத்த கடிக்குத் தயாராகும். கரிசல் காட்டில் தினமும் போய்வர வேண்டிய பிக்கப்புக்கு எம்.டி. நியாயமான செலவு.

எம்.டி. இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி தோண்டாதீர்கள். காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், காடியில் உள்ள மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள், சக்கரத்துக்கு முன்னால் கல்லோ பலகையோ போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து 4எல் (நான்கு சக்கர இழுவையின் மெதுவான நிலை) இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். மேலே மட்டும் சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் அகலமான டயரைவிட ஒடுங்கிய டயர்தான் சேற்றைக் கிழித்து அடித்தரையைப் பிடிக்கும்.

அறிகுறி: மணலில் புதைகிறது

இங்கே எம்.டி.தான் முதலில் சிக்கிக்கொள்ளும். பெரிய பட்டன் மணலைத் தோண்டும். பாதி தேய்ந்த எச்.டி.கூட மணலில் அதைவிட நன்றாகப் போகும், ஏனென்றால் மணலுக்குப் பட்டன் தேவையில்லை, பரப்புதான் தேவை. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வருவதற்கு முன் தனுஷ்கோடிக்கு வேன்கள் மணலில்தான் போய்வந்துகொண்டிருந்தன.

காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையைத் தொடும் பகுதி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும். பக்கத்திலிருந்து பார்த்தால் டயர் நீளமாகப் படுத்திருப்பது தெரியும், வண்டி மணலின் மேல் மிதக்கும். 15-க்குக் கீழே போக வேண்டாம், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நிற்க வேண்டுமானால் பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு சேரும். ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியில் கட்டாயம் இருக்கட்டும். திரும்பத் தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை நிரப்பாவிட்டால் டயர் சூடேறிச் சாகும்.

அறிகுறி: சைடுவால் கிழிகிறது

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை போன்ற கல் ரோட்டில் பட்டனைவிடப் பக்கவாட்டுக்குத்தான் ஆபத்து. எச்.டி.யின் சைடுவால் மெல்லியது. பலமான ஏ.டி., எம்.டி.களில் அங்கே கூடுதல் அடுக்கு இருக்கும், சிலவற்றில் மூன்று. காற்றை இறக்கினால் கல்லைத் தழுவிப் போகும், குலுக்கல் குறையும். ஆனால் பக்கவாட்டு வெளியே பிதுங்குவதால் கூர்க்கல் பட வாய்ப்பும் கூடும். எனவே கல்லில் மணல் அளவுக்கு இறக்க வேண்டாம். 22 முதல் 25 வரை போதும், வேகம் நடை வேகம். சைடுவாலில் விழுந்த கிழிசலுக்கு பஞ்சர் ஒட்டு கிடையாது. யார் ஒட்டித் தந்தாலும் அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் தேய்கிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பிக்கப் பின் டயரில் இதைப் பார்த்தால் காலி வண்டிக்கு லோடு காற்று. இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் அலைன்மென்ட் செய்யாமல் விட்டதால் இது அடிக்கடி வரும்.

அறிகுறி: பெரிய டயர் மாட்டியபின் இழுவை குறைந்தது, மைலேஜ் விழுந்தது

ஜிம்னிக்குக் கம்பெனி அளவு 195/80 ஆர் 15, உயரம் சுமார் 693 மி.மீ. அதற்குப் பலர் மாட்டும் 235/75 ஆர் 15-இன் உயரம் சுமார் 733 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி வண்டி அதைவிட 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. கிலோமீட்டர் கணக்கும் குறைவாக ஏறும், அதனால் மைலேஜ் விழுந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிசகு. மீதி நிஜம்: கியர் எல்லாம் 6 சதவீதம் பெரிதானது போல ஆகிவிட்டது, கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். பிரேக் தூரமும் கூடும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. சிக்கலும் வரலாம். 2, 3 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

எல்.டி. (லைட் டிரக்) ரக டயருக்கு மாறியிருந்தால் இன்னொரு கணக்கு. 121 என்ற லோடு எண் 1,450 கிலோவைக் குறிக்கும், உண்மைதான். ஆனால் 10 பிளை (டயரின் பலத்தைக் குறிக்கும் எண்) டயரில் அந்த எடை 80 பி.எஸ்.ஐ. காற்றில்தான். பழைய டயருக்கு அடித்த அதே காற்றை அடித்தால் பழைய டயரைவிடக் குறைவாகவே தாங்கும். தயாரிப்பாளரின் லோடு அட்டவணையைக் கடையில் கேட்டுப் பார்த்துக் காற்றைக் கூட்டுங்கள்.

அறிகுறி: வாரம் ஒருமுறை காற்று இறங்குகிறது

ஆணி இல்லையென்றால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வில், பிறகு டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் ஊற்றுங்கள். மணலுக்குப் போய்வந்த வண்டியில் அந்த விளிம்பில் வரிசையாகச் சின்னக் குமிழி வரும். உள்ளே மணல் புகுந்திருக்கிறது. டயரைக் கழற்றி ரிம்மின் விளிம்பைத் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

அறிகுறி: பக்கத்தில் புடைப்பு, அல்லது வெடிப்புக் கோடுகள்

புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. பள்ளத்தில் பலமாக இடித்ததன் விளைவு. பழுதுபார்க்க வழியில்லை. வெடிப்பு என்றால் வயதைப் பாருங்கள். சைடுவாலில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 4x4 வண்டிகள் பலவும் குறைவாக ஓடுபவை. பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் உள்ளே கெட்டிப்பட்டிருக்கும். பின்கதவில் வெயிலில் தொங்கும் ஸ்டெப்னியில்தான் இந்த வெடிப்பு முதலில் தெரியும். அந்த எண்ணை இன்றே பாருங்கள். ஆறு வருடம் தாண்டியிருந்தால் நல்ல கடையில் காட்டுங்கள், பத்து வருடம் என்றால் பட்டனைப் பார்க்காமல் மாற்றுங்கள். புடைத்த டயரை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஸ்டெப்னியாகவும் வைக்காதீர்கள், அவசரம் வருகிற அன்று லோடோடு அதன்மேல்தான் வண்டி நிற்க வேண்டியிருக்கும்.